சொல்லணுமா, சொல்லக் கூடாதா? குழந்தைகளோடு வேலை செய்பவர்களின் சட்டப் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர், செவிலியர், விடுதி வார்டன், கவுன்சலர் என்று பலரும் கலந்துகொள்ளும் பயிற்சிக் கூட்டங்களில் வகுப்பு நடக்கும்போது யாரும் கை தூக்குவதில்லை. டீ இடைவேளையில் ஒவ்வொருவராக ஓரமாக வந்து, "பொதுவாத்தான் கேக்குறேன்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாம் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. பெரும்பாலானவை போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம் பற்றியவை, ஏனென்றால் கேள்விகள் அங்கேதான் குவிகின்றன. ஏற்கெனவே வழக்கில் சிக்கியிருப்பவர்கள் வக்கீலைப் பாருங்கள். இந்தப் பக்கம் அதற்கு ஈடாகாது.

போக்சோ எல்லாம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் உள்ள சட்டம்தானே? டீச்சருக்கும் நர்சுக்கும் இதுல என்ன வேலை?

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. யார் சொல்ல வேண்டும்? எந்த நபரும். டீச்சர், டாக்டர் என்று தனித்தனியாகப் பட்டியல் போடவில்லை, எல்லோரும் அதற்குள் அடக்கம்.

சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்த விஷயங்கள் பெரும்பாலும் வகுப்பறையிலோ, ஓ.பி.யிலோ, விடுதியிலோதான் முதலில் வெளியே வருகின்றன. அதனால் இந்தப் பிரிவு உங்களைத்தான் முதலில் வந்து தொடும்.

பிளஸ் டூ பையனும் குழந்தையா?

18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான். ஆண், பெண் என்ற வேறுபாடு இந்தச் சட்டத்தில் இல்லை. மீசை முளைத்தவன், உயரமானவன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

எனக்கு நிச்சயமாத் தெரியாது, ஒரு சந்தேகம்தான். அதுக்கும் போய்ச் சொல்லணுமா?

நிரூபிக்க வேண்டியது உங்கள் வேலை இல்லை. ஒரு குழந்தை உங்களிடம் வாய் திறந்து சொல்லிவிட்டால், சட்டப்படி உங்களுக்குத் 'தெரிந்துவிட்டது'. அது உண்மையா என்று பார்ப்பது போலீசின் வேலை, தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை.

இதற்கு இரண்டு எல்லைகளைக் காட்டும் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. கேரளத்தில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வயது 18 என்று கூட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பிறகு அவர் மைனர் என்று தெரியவந்து, பிரசவம் பார்த்த டாக்டர்கள்மீதும் வழக்கு வந்தது. 2018-இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தானாகத் துருவித் துருவி விசாரித்துத் தெரிந்துகொள்ளும் கடமையைச் சட்டம் யார்மீதும் சுமத்தவில்லை என்றது. இன்னொன்று மகாராஷ்டிரத்தில் நடந்தது. பள்ளி விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை பார்த்த டாக்டருக்கு விஷயம் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பது வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்றும் அழுத்திச் சொன்னது.

அதாவது, தெரியாததைத் தோண்ட வேண்டாம். தெரிந்ததை மூடி வைக்கவும் கூடாது.

எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன். அவங்க பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. என் கடமை முடிஞ்சுதா?

முடியவில்லை. டீ இடைவேளைக் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். சட்டம் தகவலைக் கொடுக்கச் சொல்வது உள்ளூர் போலீசிடம் அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவிடம். எச்.எம்., முதல்வர், தாளாளர், சூப்பரின்டென்டன்ட் என யார் பெயரும் அதில் கிடையாது. மேலதிகாரியிடம் சொல்வது அலுவலக ஒழுங்கு. சொல்லுங்கள். ஆனால் அவர் போலீசிடம் போகவில்லை என்றால், 'நான் அவரிடம் சொன்னேனே' என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள்.

மேலதிகாரியிடம் சொல்வதையும் எழுத்தில் சொல்லுங்கள். தேதியும் நேரமும் போட்டு, "இன்றைக்குள் காவல் நிலையத்துக்குத் தகவல் தரப்பட்டதா என்று தெரிவிக்கவும், இல்லையேல் நானே தருகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரிக்கு இருக்கும் வேகம் நேரில் பத்து முறை கேட்டாலும் வராது. மேலதிகாரியின் அனுமதி தேவையா என்றும் கேட்கிறார்கள். தேவையில்லை. சர்குலர் போட்டு 'நிர்வாகம் வழியாக மட்டுமே' என்று சொன்னாலும், ஒரு சர்குலரால் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை மாற்ற முடியாது.

சரி, எங்க போய்ச் சொல்றது? 1098-க்கு போன் பண்ணாப் போதாதா?

1098 குழந்தைகள் உதவி எண். குழந்தைக்கு உடனே பாதுகாப்பு வேண்டும், என்ன செய்வதென்று புரியவில்லை என்றால் தயங்காமல் அழையுங்கள். ஆனால் 19-வது பிரிவு சொல்வது போலீசை. அதனால் அழைப்போடு நிற்காமல் காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வழக்குகளைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள்தான் பார்க்கின்றன. பக்கத்தில் எந்த நிலையம் இருந்தாலும் அங்கே கொடுக்கலாம்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "நான் இன்ன பள்ளியில் ஆசிரியர். இன்று காலை 11.20 மணிக்கு ஏழாம் வகுப்பு மாணவி என்னிடம், 'டியூஷன் அண்ணன் கதவைச் சாத்திட்டுத் தப்பா தொடுறாரு' என்று சொன்னார். அப்போது வேறு யாரும் உடனில்லை. நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை." உங்கள் ஊகம், அந்த அண்ணனின் குணம், அந்தக் குடும்பத்தின் கதை எதுவும் அதில் வரக் கூடாது.

நீங்கள் கொடுக்கும் தகவலுக்குப் பதிவெண் போட்டு, எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று அதே பிரிவு போலீசுக்குச் சொல்கிறது. பிறகு 24 மணி நேரத்துக்குள் அவர்கள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

குழந்தைகிட்ட முழுசா விசாரிச்சு, உண்மையான்னு பார்த்துட்டுத்தானே போகணும்?

தயவுசெய்து வேண்டாம். நல்ல எண்ணத்தோடு பள்ளிகள் வழக்கைக் கெடுப்பது இங்கேதான். வகுப்பாசிரியர் ஒரு முறை, எச்.எம். ஒரு முறை, தாளாளர் வரச்சொல்லி ஒரு முறை, பெற்றோர் முன்னால் ஒரு முறை என்று கேட்டால், நாலாவது முறை குழந்தை சுருக்கமாகச் சொல்லும், அல்லது அழும், அல்லது 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிடும். பிறகு குறுக்கு விசாரணையில் 'முன்னுக்குப் பின் முரண்' என்று எடுத்து வைப்பார்கள். "அவர் இங்கே தொட்டாரா?" என்று நீங்களே பதிலைக் கேள்வியில் வைத்துக் கேட்டாலும் அதே கதிதான்.

சொல்வதைக் கேளுங்கள். 'நீ சொன்னது நல்லது' என்று சொல்லுங்கள். பிறகு குழந்தையின் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'கூச்சமா இருந்துச்சு' என்று குழந்தை சொன்னால் அதுதான் உங்கள் நோட்டிலும் இருக்க வேண்டும், 'பாலியல் சீண்டலுக்கு ஆளானார்' என்று அதைத் துறைத் தமிழாக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்திக் கேட்பது மகாபாவம். நான் கேட்டவரை இன்னும் பல இடங்களில் அதைச் செய்கிறார்கள்.

குழந்தை 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்'னு கேக்குது. என்ன பண்ண?

சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்லலாம்: குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது, எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. 24-வது பிரிவு இதையெல்லாம் சொல்கிறது. ஸ்டேஷன் என்ற பயம்தான் பல குழந்தைகளின் வாயை அடைக்கிறது.

அம்மா அப்பாவே 'கேஸ் வேண்டாம், மானம் போயிடும்'னு கெஞ்சறாங்க. நான் எப்படி மீறுறது?

அவர்களின் தவிப்பு நிஜம். ஆனால் தகவல் சொல்லும் கடமைக்குப் பெற்றோரின் சம்மதம் ஒரு நிபந்தனை அல்ல. சில நேரம் குற்றவாளி அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். பெற்றோரிடம், "இது என் விருப்பம் இல்லை, சொல்லாவிட்டால் என்மீது வழக்கு வரும்" என்று நேராகச் சொல்லிவிடுவது இரண்டு தரப்புக்கும் நல்லது. பழி உங்கள்மேல் போகட்டும், பரவாயில்லை.

'பேசி முடிச்சுட்டோம்' என்பதும் செல்லாது. ராஜஸ்தானில் ஆசிரியர்மீது வந்த ஒரு வழக்கை, பெற்றோரோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் முடித்துவைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. இது இரண்டு தரப்புக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அல்ல என்பதுதான் காரணம்.

குற்றம் சாட்டப்பட்டவர் நம்ம ஸ்டாஃபே. உள் விசாரணை முடியட்டும்னு நிர்வாகம் சொல்லுதே?

உள் விசாரணை நடக்கட்டும், ஆனால் போலீஸ் தகவல் அதற்காகக் காத்திருக்காது. நிறுவனத்துக்குப் பொறுப்பானவர், தன் கட்டுப்பாட்டில் உள்ள பணியாளர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறையோடு அபராதமும் உண்டு. மற்றவர்களுக்கு ஆறு மாதம், தலைமையில் இருப்பவருக்கு இரட்டிப்பு. அது தற்செயலாக வைக்கப்பட்டதல்ல. மூடி மறைக்க அதிகக் காரணம் இருப்பவர் அவர்தான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான உள் புகார்க் குழுவிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதும் 19-வது பிரிவை நிறைவேற்றியதாகாது.

ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, 'நடத்தை நன்று' என்று சான்றிதழும் கொடுத்து அனுப்பிவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அந்த மனிதர் அடுத்த ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்வார். பள்ளி, மருத்துவமனை, காப்பகம் போன்ற இடங்களின் ஊழியரே குற்றம் செய்வதைச் சட்டம் கடுமையான வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஊடுருவும் வகைக் குற்றமாக இருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. அதை ஒரு ராஜினாமாக் கடிதத்தால் கழுவிவிட நினைப்பதற்கு நிர்வாகத்துக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

நான் தற்காலிக ஊழியர்தான். வேன் டிரைவர், வாலன்டியர் இவங்களுக்கும் இது உண்டா?

முதல் பதிலில் சொன்ன 'எந்த நபரும்' இங்கேயும் பொருந்தும். கூடவே, 2020 போக்சோ விதிகளின்படி குழந்தைகளோடு பழகும் எல்லாப் பணியாளரையும், ஒப்பந்தத்தில் வருபவர் உட்பட, நிறுவனம் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும், பயிற்சியும் தர வேண்டும்.

நான் டாக்டர். நோயாளி ரகசியம் காப்பாத்தணுமே, இது முரண் இல்லையா?

சட்டமே சொல்லச் சொல்லும் இடத்தில் தொழில் ரகசியம் வழி விட வேண்டும். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டு, மருத்துவமனை போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு இன்டிமேஷன் அனுப்பும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இதுவும் அந்த வரிசையில்தான் வருகிறது.

இதைவிட முக்கியம் சிகிச்சை. எஃப்.ஐ.ஆர். இல்லை, போலீஸ் மெமோ இல்லை என்று திருப்பி அனுப்பவே கூடாது. எஃப்.ஐ.ஆர். போடாமலேயே பரிசோதனை செய்யலாம், சிறுமி என்றால் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். முதலுதவியும் சிகிச்சையும் இலவசம், தனியார் மருத்துவமனைக்கும் இதே விதி. மறுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

கவுன்சலிங்ல சொன்னது ரகசியம்தானே? வக்கீலுக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கும் பாதுகாப்பு உண்டா?

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. கவுன்சலருக்கு அப்படித் தனிப் பிரிவு இல்லை. 2017 மனநலச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியது. ஆனால் அதிலேயே, வேறொருவருக்குத் தீங்கு வராமல் தடுக்க, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று விலக்குகளும் இருக்கின்றன.

அதனால் முதல் அமர்விலேயே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது நமக்குள்ள இருக்கும். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் சொல்லியாகணும்." பாதியில் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

17 வயசுப் பொண்ணு, காதலிச்சு கர்ப்பம். கலைக்க வந்திருக்கா. போலீசுக்குச் சொன்னா இனிமே ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாளே?

மிகவும் சிக்கலான கேள்வி. 18-க்குக் கீழே இருப்பவரின் சம்மதத்தை போக்சோ கணக்கில் எடுப்பதில்லை. எனவே 'காதல்' என்பது தகவல் சொல்லாமல் இருக்கக் காரணமாகாது. கருக்கலைப்புச் சட்டப்படி மைனருக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதமும் தேவை.

போலீஸ் பயத்தில் பெண்கள் போலி டாக்டரிடம் ஓடுகிறார்கள் என்பதை உச்ச நீதிமன்றமும் கவனித்தது. 2022 செப்டம்பர் தீர்ப்பில், இப்படிச் சம்மத உறவில் கருவுற்ற மைனரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், 19-வது பிரிவின்படி தரும் தகவலில் டாக்டர் அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ குறிப்பிட வேண்டியதில்லை என்றது. தகவல் போகும், பெயர் போகாது. இதைப் பல டாக்டர்களே அறிந்திருக்கவில்லை. இந்தச் சலுகை டாக்டருக்கு, கருக்கலைப்புச் சூழலில். டீச்சரோ வார்டனோ இதை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, கர்ப்பம் பதிய வந்திருக்கா. வயசு 17. அப்பவுமா?

அப்போதும். 15 முதல் 18 வயது மனைவி என்றால் குற்றமில்லை என்ற பழைய விலக்கு 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு போய்விட்டது. கிராம சுகாதார செவிலியர்களுக்கு இது தினசரித் தலைவலி என்று தெரியும். பதிவையோ ஊசி மருந்தையோ நிறுத்தாதீர்கள். சிகிச்சை ஒரு பக்கம், தகவல் ஒரு பக்கம்.

நான் சொன்னது பொய்யாப் போயிட்டா என் மேலயே கேஸ் வருமா?

நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது சிவிலோ கிரிமினலோ எந்த வழக்கும் நிற்காது என்று 19-வது பிரிவின் ஏழாவது உட்பிரிவு சொல்கிறது. 22-வது பிரிவின் தண்டனை, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்கு. நிரூபணம் ஆகாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. குழந்தை பொய் சொல்லியிருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

அடிக்கிறது, திட்டுறது எல்லாம் போக்சோவுல வருமா?

வராது, அது பாலியல் குற்றங்களுக்கு மட்டும். ஆனால் நிம்மதி அடைய வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, குழந்தையின் பொறுப்பில் இருப்பவர் கொடுமை செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை.

பிரசவ வார்டுல குழந்தையை விட்டுட்டுப் போயிட்டாங்க. யாராவது நல்ல குடும்பத்துக்குக் கொடுத்துடலாமா?

கூடவே கூடாது. கைவிடப்பட்ட, தொலைந்த, அநாதையாகத் தெரியும் குழந்தையைப் பார்த்தால் 24 மணி நேரத்துக்குள் 1098, போலீஸ், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றில் ஒன்றுக்குச் சொல்ல வேண்டும். இங்கே 1098 மட்டும் போதும், போக்சோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அது. தத்து கொடுப்பதற்குத் தனி நடைமுறை உண்டு. நர்சின் நல்ல மனசு அந்த நடைமுறைக்கு மாற்றாகாது.

ஸ்டாஃப் குரூப்ல 'எல்லாரும் உஷாரா இருங்க'ன்னு பேர் போட்டுட்டாங்க. தப்பா?

தப்பு. குழந்தையின் பெயர், படம், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை போக்சோ 23-வது பிரிவும், எந்தத் தகவல் தொடர்பு வழியிலும் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவும் தடுக்கின்றன. '6-பி-ல அந்த ஒல்லியான பொண்ணு' என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். குரூப்பில் வந்தால் அழிக்கச் சொல்லுங்கள், ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

போலீஸ்ல வாங்க மாட்டேங்கறாங்க. 'சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன், போங்க'ங்கறாங்க?

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. 'எங்க லிமிட் இல்லை' என்பதும் இனி சாக்கு ஆகாது. எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. 21-வது பிரிவின் ஆறு மாதச் சிறை, தகவலைப் பதிய மறுக்கும் போலீசுக்கும் சேர்த்துத்தான் என்பதை மெதுவாக ஞாபகப்படுத்தலாம்.

அப்புறம் கோர்ட்டுக்கும் அலையணுமா?

சம்மன் வந்தால் போக வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். குழந்தைக்கான கேள்விகளை நீதிபதி வழியாகத்தான் கேட்பார்கள். உங்களை மட்டும் எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகவே கேட்பார். அன்று எழுதிய குறிப்பு கையில் இருந்தால் அதைத் தாண்டி எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பள்ளியிலிருந்து அதிகம் கேட்கப்படுவது வயதுக்கான ஆதாரம். சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவில் முதலிடம் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றுக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும்தான். அவை இல்லாதபோதுதான் ஊராட்சி, நகராட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. 'ஒரு வருஷம் கூட்டிப் போட்டுச் சேர்த்தோம்' என்ற பழைய பழக்கம் இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கும். அட்மிஷன் ரிஜிஸ்டரில் திருத்தம் இருந்தால் யார், எப்போது, எதை வைத்துத் திருத்தினார்கள் என்று கேட்பார்கள். மூலப் பதிவேட்டோடு போங்கள், ஜெராக்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.